நிறம் நீக்கிய வெள்ளம்

முதல் நான்கு மாதம் வீண்.
செடிச்சாறு விட்ட தட்டிலும் செல்கள் பெருகின,
விடாத தட்டிலும் பெருகின.
கை சுத்தமில்லை என்றார் கைடு.
மழைக்குக் கரண்ட் போய்ப் போய் வந்ததால் என்றேன் நான்.
பிறகுதான் படித்தேன்.
செல்கள் குடித்து வளரும் திரவத்தில்,
புளிப்பேறினால் கண்ணுக்குத் தெரியட்டுமென்று
கலந்து வைத்த சிவப்புச் சாயமே
ஈஸ்ட்ரோஜன் போலக் கொஞ்சம் நடிக்குமாம்.
காவலுக்கு நிறுத்தியவன்
உள்ளேயிருந்து தாழ்ப்பாளை நீக்கிக்கொண்டிருந்திருக்கிறான்.

சாயமில்லாத திரவம் சென்னையிலிருந்து வந்தது.
கன்றின் ஊனீரைக் கரித்தூளில் கலக்கி
ஹார்மோனையெல்லாம் கரி குடிக்கும்வரை காத்திருந்து வடித்தேன்.
"சிரட்டைக்கரி போராதா?
நான் கொண்டு தரட்டா?" என்றார் சுகிர்தபாய் அக்கா,
தக்கலையில் எங்கள் ஆய்வகத்தில் பாட்டில் கழுவுகிறவர்.
வடித்ததை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து,
"வெறும் வெள்ளம் மாதிரியில்லா இருக்கு பிள்ளே."

கொடி, குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில்
மண் ஓடாமலிருக்க மரங்களுக்கிடையே படரவிட்டது.
ஊதாப் பூ.
பிடுங்கினால் வேரில் மணிமணியாய் முடிச்சு,
முடிச்சுக்குள் பாக்டீரியா.
வா, வந்து தங்கு,
காற்றிலிருந்து நைட்ரஜன் பிடித்துக் கொடு,
சர்க்கரை தருகிறேன் என்று
வேர் மண்ணுக்குள் கசியவிடும் சேதியைத்தான்
நான் ஆல்கஹாலில் ஊறப்போட்டு எடுக்கிறேன்.
எந்தப் பெண்ணையும் நினைத்து எழுதியதல்ல.
தட்டையான வளையங்கள், இரு முனையிலும் ஒரு பிடி.
அளவு ஏறக்குறையப் பொருந்திவிட்டது,
விலாசம் தப்பி வந்ததை
நம் செல் பிரித்துப் படித்துவிடுகிறது.

செல்கள் ஒரு கன்னியாஸ்திரீயின்
நெஞ்சில் கோத்த நீரிலிருந்து எடுத்தவை.
வேறு கண்டம், நான் பிறப்பதற்கு முன்.
பிள்ளை பெறாதவர் அவர். இங்கே குமரி மாவட்டத்தில்
முப்பத்தேழு டிகிரியில்
இரண்டிரண்டாகிக்கொண்டே இருக்கிறார்.
சாற்றைத் துளியிலும் துளியாக விட்டேன்.
பெருகின.
நூறு மடங்கு விட்டேன்.
நின்றன, சில சுருங்கி மிதந்தன.
அதே சாறு.
மறுபடி செய்தேன். அப்படியேதான்.

அக்காவுக்கு இடப்பக்கம் எடுத்து மூன்று வருடம்.
தினம் ஒரு வெள்ளை மாத்திரை,
பூட்டுத் துவாரத்தில் போய் உட்கார்ந்துகொண்டு
ஈஸ்ட்ரோஜனை நுழையவிடாது.
பாட்டில் தூரிகையை உதறியபடி கேட்டார்:
"நித்தம் பயறுங்கஞ்சியாக்கும் நான் குடிக்கது.
மருந்துக்கடைக்காரன் சோயா மாவு வாங்கச் சொல்லுகான்.
அடுத்த வீட்டு லீலாபாய் தொடவே பிடாதுங்கா.
நீ இதையில்லா நோக்கிட்டிருக்க. சொல்லு."

தட்டுக்கு ஈரல் கிடையாது அக்கா, குடல் கிடையாது.
சிலர் குடலில் இது வேறொன்றாக மாறும்,
சிலர் குடலில் மாறாது.
பாதிக்கு மேல் ஈரல் வால் கட்டி
மூத்திரத்தில் அனுப்பிவிடும்.
பூட்டிலும் இரண்டு வகை உண்டு,
இது அதிகம் தேடிப் போவது
வளரச் சொல்லும் பூட்டை அல்ல, மற்றதை.
கஞ்சியைக் குடியுங்கள்.
மாவு டப்பாவை டாக்டரிடம் காட்டாமல் வாங்காதீர்கள்.

"அப்போ ஒனக்கும் முழுசாத் தெரியாது."

தெரியாது என்றேன்.
அவர் கோபப்படவில்லை.
வடிநீரில் மூன்று தடவை அலசுவதை
அன்று ஐந்து தடவை அலசினார்.
"சோப்பு மிச்சமிருந்தா
அதும் என்னமாவது சொல்லிக் குடுத்திரும்" என்றார்.

போகும்போது இன்குபேட்டர் கண்ணாடியில் குனிந்து
ஓரத்துத் தட்டைக் காட்டினார்.
"இதில என்ன ஒழிச்சே?"
ஒன்றும் விடவில்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு.
"அப்போ அது சும்மா கெடக்குதா?"

கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு எண்ணினேன்.
சும்மா இல்லை.
முந்தாநாளைவிடப் பதினொன்று கூடுதல்.